வியாழக்கிழமைச் சீட்டு: நெட்டையனுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் குரல் பதிவு கிடைத்தது. ஆறு நிமிடம் பேசியிருக்கிறாய், அதில் பாதி இருமல். முதலில் டாக்டரைப் போய்ப் பார். எனக்கு வாட்சாப்பில் பேசினால் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன், பேத்தி படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

இங்கே எல்லாரும் சுகம். முட்டி மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் நம் லயம், அதாவது அந்த வரிசை வீடுகள், இருந்த இடத்தை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது உனக்குத் தெரியும். இப்போது அதிலும் பாதியை வெட்டி இரட்டை மாடி வீடு கட்டுகிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் மட்டும் தப்பித்து நிற்கிறது. யார் புண்ணியமோ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பேரன் ஜொகூரில் கூட்டாளிகளோடு போக்கர் ஆடுகிறான், அது நம் மூணு சீட்டுதானே என்று கேட்டிருக்கிறாய். அந்தக் குரலில் பயம் இருந்தது, எனக்குப் புரியாமல் இல்லை. மூணு சீட்டு என்றதும் எனக்கும் கள்ளுக்கடைக்குப் பின்னால் அந்த அரிக்கேன் விளக்குதான் ஞாபகம் வரும். அப்பா ஒரு வருஷம் தீபாவளி முன்பணத்தை அங்கே விட்டுவிட்டு வந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் பள்ளிச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்து, தீபாவளி அன்று காலையில் அதைத்தான் போட்டுவிட்டார். நீ அன்றைக்குப் புதுச் சட்டையில் வந்து, 'ஏன்டா பள்ளிக்கூடம் இருக்கா?' என்று கேட்டாய்.

அப்படிப்பட்டவன் சீட்டைத் தொட்டிருக்கிறேன் என்றால் சிரிப்பாய். முட்டி அறுவை முடிந்து வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, இரும்புக்கடைத் தவுக்கே (சீன முதலாளி) வந்து பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை கடை சாத்தின பிறகு வா, உட்கார்ந்தே ஆடலாம்" என்றார். நாலு பேர்தான்: தவுக்கே, லாரி ஓட்டி ஓய்ந்த நம் சீனியர் ஒருவர், பழைய தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரெசர், நான். காசு வைப்பதில்லை. நம் மலேசியாவில் சூதாட்ட விடுதிக்கு எதிரான சட்டம் 1953-லிருந்து இருக்கிறது, சட்டப்படி கேசினோ என்றால் கெந்திங் மலைதான். அது போக, நான் காசு வைத்து ஆடினால் வீட்டுக்காரி கதவைத் திறக்க மாட்டாள். அதனால் ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. முதலில் தீர்ந்தவர் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும்.

மூணு சீட்டு போக்கருக்குச் சொந்தக்காரன்தான், பங்காளி முறை. ஆங்கிலேயர்களின் பிராக் என்ற ஆட்டம்தான் இந்தியாவுக்குப் போய் மூணு சீட்டானது. போக்கர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் வளர்ந்தது. ஆரம்பத்தில் இருபதே சீட்டு, நாலு பேருக்கு ஐந்தைந்து, கட்டு காலி. பிறகுதான் 52 சீட்டுக்கு வந்தார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவனும் ஜெயிக்கலாம், நல்ல சீட்டு இருப்பதாக நம்ப வைப்பவனும் ஜெயிக்கலாம் என்பது இரண்டு குடும்பத்துக்கும் பொது. நம் ரம்மியில் சீட்டைச் சேர்த்தால் போதும். இதில் எதிரில் இருப்பவன் மூஞ்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று கவனித்தாயா? மூணு சீட்டில் வரிசை (அடுத்தடுத்த எண்கள்), கலரை (ஒரே இனத்துச் சீட்டுகளை) அடிக்கும். போக்கரில் தலைகீழ், ஒரே இனத்தில் ஐந்து சீட்டு வந்தால் (அதை ஃப்ளஷ் என்கிறார்கள்) வரிசையை, அதாவது ஸ்ட்ரெய்ட்டை, அடித்துவிடும். எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தியது. தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி புத்தி சும்மா இருக்குமா, ஒரு மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 52 சீட்டில் மூன்று எடுக்க 22,100 வழி. அதில் வரிசை 720, கலர் 1,096. அரிதானது மேலே. ஐந்து சீட்டு எடுக்க 2,598,960 வழி. அதில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108 மட்டும். இங்கே ஃப்ளஷ் அரிது, அதனால் அது மேலே. ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டுமாக வரும் ஃபுல் ஹவுஸ் 3,744. நாலும் ஒரே எண் 624. பத்திலிருந்து ஏஸ் வரை ஒரே இனத்தில் வரும் ராயல் ஃப்ளஷ் வெறும் நாலு. யாரோ ராஜா உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, எல்லாம் எண்ணிப் பார்த்து வைத்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

இனி வகைகள். போக்கர் என்பது ஒரு ஆட்டம் இல்லை, ஒரு குடும்பம். எந்தக் கை எதை அடிக்கும் என்பது பெரும்பாலும் ஒன்றுதான். எதை மறைக்கிறார்கள், எதைக் காட்டுகிறார்கள் என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வித்தியாசம்.

பழையது ஃபைவ் கார்டு டிரா. ஐந்து சீட்டும் கைக்குள். வேண்டாததைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம், முன்னும் பின்னும் பந்தயம். எதிராளியைப் பற்றித் தெரிவது ஒன்றே ஒன்றுதான், எத்தனை சீட்டு மாற்றினான் என்பது. எங்கள் லாரிக்காரர் ஒருநாள் ஒரு சீட்டுகூட மாற்றாமல், கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருபது கொட்டையைத் தள்ளினார். மூன்று பேரும் சீட்டை மடக்கி விலகிவிட்டோம். அவர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. பிறகு கண்டுபிடித்தோம்: பொய் சொல்லும்போதுதான் மனிதர் கண்ணாடி துடைக்கிறார். அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. நீயும் வந்தால் சொல்லாதே.

அடுத்தது செவன் கார்டு ஸ்டட். ஏழு சீட்டில் மூன்று மூடியது, நாலு எல்லாருக்கும் தெரியத் திறந்தது. முதலில் இரண்டு மூடி, ஒன்று திறந்து. அப்புறம் மூன்று திறந்து. கடைசிச் சீட்டு மூடி. பாதிச் சன்னல் திறந்த வீடு மாதிரி. இதற்கு ஞாபகசக்தி வேண்டும். யார் மடக்கியபோது எந்தச் சீட்டுப் போனது என்று நினைவில் வைத்திருப்பவன்தான் தேறுவான். டிரெசர் இதில் புலி, அந்தக் காலத்தில் நானூறு பேருக்கு யாருக்கு எந்த மருந்து என்று எழுதாமலே சொன்னவர் இல்லையா. இதையே திருப்பிப் போட்டு, மட்டமான கை ஜெயிக்கும் என்று வைத்தால் அது ராஸ். ஏஸ், 2, 3, 4, 5தான் அங்கே ராஜா. வீட்டுக்காரியிடம் விளக்கினேன். "உங்களுக்கென்றே கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்றாள்.

உன் பேரன் ஆடுவது அநேகமாக டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டே சீட்டு, மூடி. பார்த்துவிட்டுப் பந்தயம். பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள், மறுபடி பந்தயம். நாலாவது, பந்தயம். ஐந்தாவது, கடைசிப் பந்தயம். கையில் இருக்கும் இரண்டும் நடுவில் இருக்கும் ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உன் கை. நம் லயத்துப் பொதுக் குழாயை நினைத்துக்கொள். தண்ணீர் எல்லாருக்கும் ஒன்று. அவரவர் கொண்டுவந்த குடம்தான் வேறு. சீட்டுப் போடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தொகையை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் நல்ல சீட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கைக்கு இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறை. எனக்கு வந்த அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தே மூவரும் மடக்கிவிட்டார்கள். மூன்று கொட்டை லாபம்.

பொடியன்களுக்கு இதில் ஏன் மோகம் என்றால், 2003-ல் அமெரிக்காவில் டென்னசியைச் சேர்ந்த ஒரு கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி தகுதிச் சுற்றுகளில் ஜெயித்து, லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குப் போய், அங்கே ஆடிய 839 பேரில் மற்ற எல்லாரையும் தாண்டி 25 லட்சம் டாலர் வாங்கிவிட்டார். பெயர் கிறிஸ் மணிமேக்கர், நிஜப் பெயரே அதுதான். அதற்குப் பிறகு இணையத்தில் ஆடுபவர் கூட்டம் எங்கேயோ போய்விட்டது. கணக்குப் பிள்ளை ஜெயித்தார் என்பதில் எனக்கும் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் மீதி 838 பேர் கதையை யாரும் சொல்வதில்லை. பேரனிடம் எந்த ஆட்டம் என்று கேட்காதே. ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வைக்கிறார்கள், தோற்றால் கடன் சொல்கிறார்களா என்று கேள். கொட்டைக்கு ஆடினால் விட்டுவிடு. இணையத்தில் காசு கட்டுகிறான் என்றால் எனக்குப் போன் போடு, நான் பேசுகிறேன்.

இப்போது என் மானம் போன கதை. ஓமாஹா என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ஹோல்டெம் மாதிரியே, ஆனால் கைக்கு நாலு சீட்டு. தவுக்கே விதியைச் சொன்னபோது நான் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டிருந்தேன். என் கையில் இஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ஏஸ், டைமன் ஏழு, கிளாவர் எட்டு. நடுவில் இஸ்பேட் ராஜா, ஒன்பது, ஆறு, இரண்டு, கூட ஒரு டைமன் ஜாக்கி. நடுவிலேயே நாலு இஸ்பேட், என்னிடம் இஸ்பேட் ஏஸ். ஐந்து இஸ்பேட், அதிலும் ஏஸ் தலைமை! நாற்பத்தொரு கொட்டையையும் இரண்டு கையால் அணைத்து நடுவில் தள்ளினேன். தவுக்கே தலையைச் சொறிந்துவிட்டுப் போட்டார், இஸ்பேட் நாலும் மூன்றும். நான் சிரித்துக்கொண்டே குவியலை இழுத்தேன். டிரெசர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஓமாஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று. ஒன்றும் நாலும் செல்லாது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு இஸ்பேட். ஆகவே என் கை ஃப்ளஷே இல்லை, வெறும் ஏஸ் ஜோடி. ஹோல்டெமாக இருந்திருந்தால் நான்தான் ராஜா. தவுக்கேயின் அற்ப நாலும் மூன்றும், நடுவில் இருந்த மூன்று இஸ்பேட்டோடு சேர்ந்து, என் மூக்கை உடைத்துவிட்டன. அன்றைக்கு தே தாரிக் மட்டும் இல்லை, ரொட்டி சானாயும் என் கணக்கில். இதில் ஹை-லோ என்று இன்னொரு வகை உண்டு, குவியலைப் பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

டிரெசரின் மருமகன் சொல்லிக்கொடுத்தது ஷார்ட் டெக். இரண்டு முதல் ஐந்து வரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு 36 சீட்டில் ஹோல்டெம். மக்காவ் பக்கம் பெரும் பணக்காரர்கள் ஆடிப் பிரபலமானதாம். இதிலும் கணக்கு மாறுகிறது பார். ஒவ்வொரு இனத்திலும் ஒன்பதே சீட்டு என்பதால் ஃப்ளஷ் அரிதாகிவிடுகிறது, 480 வழிதான். ஃபுல் ஹவுஸ் 1,728. அதனால் இங்கே ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸை அடிக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும்.

சீனப் பெருநாளுக்குத் தவுக்கே வீட்டில் பதின்மூன்று சீட்டு. நாலு பேருக்குப் பங்கிட்டால் ஒரு சீட்டும் மிஞ்சாது. பதின்மூன்றையும் முன்வரிசை மூன்று, நடுவில் ஐந்து, பின்னால் ஐந்து என்று அடுக்க வேண்டும். பின்வரிசைதான் பலமாக இருக்க வேண்டும், முறை தவறினால் கையே செல்லாது. வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுப் புள்ளி. இதில் ஏய்ப்பும் இல்லை, கண்ணாடி துடைப்பதும் இல்லை. தவுக்கேயின் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, அரை நிமிடத்தில் அடுக்கிவிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிடுகிறார். நாங்கள் இன்னும் சீட்டை எண்ணிக்கொண்டிருப்போம்.

தீபாவளிக்கு வருகிறேன் என்றாயே, புதன்கிழமையே வந்துவிடு. வியாழன் ராத்திரி ஐந்தாவது நாற்காலி போடச் சொல்கிறேன். முதல் நாளே ஓமாஹா வேண்டாம், டிராவில் ஆரம்பிக்கலாம். இன்னொன்று: இங்கே பாசாரில் இப்போது கொட்டை எடுத்த புளிதான் கிடைக்கிறது. எங்கள் கொட்டையெல்லாம் தேய்ந்து, பாதி மேசைக்கு அடியில் உருண்டுபோய், ஆளுக்கு முப்பதுகூடத் தேறவில்லை. உன் பக்கம் கொட்டையோடு புளி கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி வா. புளியை வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள்.

அன்புடன்,
குட்டையன்