வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பூட்டிய அலமாரியிலிருந்து மேசைக்கு வந்த களஞ்சியங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, புரவலர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது கிளை நூலக வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை இந்த ஆண்டுப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள், அடைமழைக் காலம் நீங்கலாக, முறையாக நடந்தன. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கதை சொன்னோம். நவம்பரில் நூலக வார விழாவுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். பரிசுச் செலவை ஏற்ற புரவலர்களுக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு நாம் செய்தவற்றுள் தலையாயது என்று நான் கருதும் ஒன்றைப் பற்றியே மிகுதியும் சொல்ல நினைக்கிறேன்.

அபிதான சிந்தாமணியும் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியமும் நம் நூலகத்தில் குறிப்புதவி நூல்களாகக் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தன. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்தான். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதவர் எதைக் கேட்பார்? நூலகரின் இசைவோடு சித்திரை முதல் அவற்றை வாசிப்பு மேசையில் வைத்தோம். இரவல் கிடையாது; யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் ஏதேனும் ஒரு பதிவை உரக்கப் படித்துப் பேசுவதென்றும் முடிவு செய்தோம்.

இளைய உறுப்பினர்களுக்காக இந்நூல்களின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1902இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை இவற்றுக்கு முன்னோடியான அபிதான கோசம் என்னும் களஞ்சியத்தை வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் ஆண்டுக்கணக்கில் தனியொருவராகத் தேடித் தொகுத்த அபிதான சிந்தாமணியை, பாண்டித்துரைத் தேவரின் துணையோடு மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இல் வெளியிட்டது. அச்சாகிவிட்டதே என்று அவர் ஓயவில்லை. கடைசிவரை புதிய செய்திகளைச் சேர்த்துக்கொண்டே இருந்து 1931இல் மறைந்தார். அந்த விரிந்த பதிப்பு 1934இல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. புராணப் பெயர்கள், புலவர்கள், அரசர்கள், ஊர்கள், விரதங்கள், செடிகொடிகள் என்று அகர வரிசையில் ஒரு தனி மனிதர் திரட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை தானாகக் கூப்புகிறது.

கலைக்களஞ்சியத்தின் கதை வேறு. தி. சு. அவினாசிலிங்கத்தின் முயற்சியில், பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, துறைதோறும் அறிஞர்கள் கூடி எழுதிய நூல் அது. 1954இல் முதல் தொகுதி, 1963இல் ஒன்பதாவது, 1968இல் இணைப்பாகப் பத்தாவது. அணுவையும் அறுவை மருத்துவத்தையும் தமிழிலேயே விளக்க முடியும் என்று காட்டிய தொகுதிகள்.

இனி நம் மேசையில் நடந்ததற்கு வருகிறேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து முடிந்த வாரம் கூடிய கூட்டத்தில் அர்ச்சுனன் மகன் அரவானைப் பற்றிப் பேச்சு வந்தது. போருக்கு முன்பே களப்பலியானவன் அரவான் என்றார் நம் கூத்து வாத்தியார். அவர் அந்த வேடம் கட்டியவர். ஆங்கிலத்தில் பாரதம் படித்திருந்த கல்லூரி மாணவி, இல்லை, அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் இறந்தான் என்றார். குரல்கள் உயர்ந்தன. தலைவர் அபிதான சிந்தாமணியில் அரவானை எடுத்து வைத்தார். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வில்லிபாரதத்துக்குப் போனோம். அங்கே களப்பலியும் இருக்கிறது, எட்டாம் நாள் மரணமும் இருக்கிறது. பலி கொடுத்த பிறகும் போரைக் காணும் வரம் பெற்றவன் அவன். களப்பலிக் கதை ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருப்பதைத் தமிழாசிரியர் எடுத்துச் சொன்னார். வியாசர் பாரதத்தில் அது இல்லை என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெளிவாயிற்று. வாத்தியார் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ சொன்னதும் சரிதாம்மா, அடுத்த வருசம் கூத்துக்கு வந்து முழுசாப் பாரு" என்றார். மாணவியும் ஒரு நாள் இரவு முழுக்க உட்கார்ந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

இதைத்தான் பொது நூலின் பயன் என்று நான் நினைக்கிறேன். கூத்து பார்த்தவருக்கும் புத்தகம் படித்தவருக்கும், இரண்டும் அறியாமல் வேலைக்காக இவ்வூருக்குக் குடிவந்தவருக்கும், ஒரே பக்கம் திறந்து கிடக்கிறது. தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு வளர வாய்க்காத பிள்ளை அதனாலேயே பேச்சில் பின்தங்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் சாங்கியத் தத்துவம் சொன்ன கபில முனிவரையும், குறிஞ்சிப்பாட்டு பாடிய கபிலரையும், பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனாரையும் ஒருவராகவே எண்ணியிருந்தார். மேசையில் உட்கார்ந்து பிரித்தெழுதிக்கொண்டு போனார்.

கைப்பேசியில் தேடினால் வராதா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே படிக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் ஒன்றைத் தேடிப் போகிறவர் கண்ணில் அதன் முன்னும் பின்னும் உள்ள பத்துப் பெயர்கள் தாமாகவே படுகின்றன. நாலு பேர் ஒரே பக்கத்தின் மேல் குனிந்து வாதாடுவதும் கைப்பேசியில் நடப்பதில்லை.

இந்நூல்களின் குறைகளையும் கூட்டங்களில் மறைக்காமல் பேசினோம். சாதிகளைப் பற்றி அபிதான சிந்தாமணி சொல்பவை அக்காலத்து நோக்கில் எழுதப்பட்டவை. பிள்ளைகள் அப்பக்கங்களைப் படிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்கவேண்டும். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தபோது கன்னியாகுமரி நம்மோடு இணைந்திருக்கவில்லை. பத்தாம் தொகுதி வந்தபோதும் மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் தமிழ்நாடு ஆகவில்லை. 1969 ஜனவரியில்தான் ஆயிற்று. அறிவியல் பதிவுகள் பலவும் பழையவை. தேதி பார்த்துப் படிக்கும் பழக்கம் இதனால் நமக்கு வந்தது நல்லதே.

இதிலிருந்து பிறந்ததுதான் 'ஊர்க் குறிப்பேடு' என்னும் யோசனை. ஏரியின் மடைகளுக்கு வழங்கும் பெயர்கள், எல்லைச் சாமிகள், பள்ளிவாசல் சந்தனக்கூடு, மாதா கோயில் தேர், நின்றுபோன சந்தை, தறி நெய்த தெருக்கள், கூத்து ஜமாக்கள் இவையெல்லாம் எந்தக் களஞ்சியத்திலும் ஏறாதவை. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அகர வரிசையில், சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, ஒரே செய்திக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் எழுதி வைக்க உத்தேசம். கல்லூரி மாணவர்கள் எழுத முன்வந்துள்ளனர். தெருவுக்கு ஒரு பெரியவர் வேண்டும். இன்றே பெயர் கொடுத்தால் நல்லது.

வீட்டு வரியோடு நூலக வரியும் நாம்தான் கட்டுகிறோம். ஆகவே உரிமையோடு இரண்டு கோரிக்கைகளை மாவட்ட நூலகத்துக்கு அனுப்பப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். முதலாவது, தையல் விட்டுப்போன கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்குப் புதிதாகத் தைத்து அட்டை கட்டித் தரவேண்டும். இரண்டாவது, குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் நம் கிளைக்கு வாங்கித் தரவேண்டும்.

மேசையைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்ட நூலக உதவியாளருக்கும், பக்கங்களை எச்சில் தொடாமல் புரட்டப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழாசிரியருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
வாசகர் வட்டம்