இரண்டாவது ரவுட்டர் வாங்கியாயிற்று, அப்புறம்?

நெட்வொர்க்கை நடத்தும் நிர்வாகிகளுக்கும் அதற்குப் பணம் ஒதுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். "ரவுட்டர் இரண்டு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்" என்று நிம்மதியாக இருப்பீர்கள். முதலாவது போன சங்கதி அந்த இன்னொன்றுக்கு எப்போது தெரியவரும்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எதிர்முனை ரவுட்டர் திடீரென்று நின்றுபோனது. ரேக் முன்னால் நின்று பார்க்கிறேன், எங்கள் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு சுவிட்ச். கேபிள் அதோடுதான் இணைந்திருந்தது என்பதால், எங்கள் ரவுட்டரைப் பொறுத்தவரை லிங்க் நன்றாகவே இருந்தது. பாக்கெட் எந்த வழியில் போக வேண்டுமென்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் நெறிமுறைதான் ஓஎஸ்பிஎஃப். அது வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ஹலோ அனுப்பும். 40 நொடி எதுவும் வராவிட்டால்தான் அண்டை ரவுட்டர் போய்விட்டதென்று முடிவுகட்டும். அதுவரை பாக்கெட்டுகள் போன வழியிலேயே போய்த் தொலைந்தன. பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் அறுந்தன. மாற்று வழி பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

இதற்குத்தான் பிஎஃப்டி இருக்கிறது; எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது மட்டுமே அதன் வேலை. 300 மில்லிநொடிக்கு ஒரு சின்னப் பாக்கெட், தொடர்ந்து மூன்று வராவிட்டால் லிங்க் போச்சு என்று கணக்கு. ஒரு நொடிக்குள் ஓஎஸ்பிஎஃபுக்கோ, வழி தேர்ந்தெடுக்கும் இன்னொரு நெறிமுறையான பிஜிபிக்கோ சேதி போய்விடும். இன்னும் வேகம் வேண்டுமென்று 50 மில்லிநொடிக்கு இறக்கும் முன் ரவுட்டரின் சிபியு தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் நல்ல லிங்கையே போனதாக எண்ணி விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

கேட்வேக்கு, அதாவது உள்ளே இருக்கும் கணினிகள் வெளியே போகும் வாசலுக்கு, விஆர்ஆர்பி போட்டிருப்பீர்கள். ஒரு ரவுட்டர் மாஸ்டராக வேலை பார்க்க, இன்னொன்று பேக்கப்பாகக் காத்திருக்கும் ஏற்பாடு அது. சரி, நல்லது. வழக்கமான அமைப்பில், மாஸ்டரின் அறிவிப்பு நின்று சுமார் 3.6 நொடியில் பேக்கப் பொறுப்பேற்கும். ஆனால் விஆர்ஆர்பியின் அறிவிப்பு லேன் பக்கம், அதாவது உள் நெட்வொர்க்கில், மட்டுமே போகும். வெளியே போகும் லிங்க் அறுந்தாலும் மாஸ்டர் "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த லிங்க்கை டிராக் செய்து, அறுந்ததும் மாஸ்டரின் பிரையாரிட்டி குறைந்து பேக்கப் பொறுப்பேற்கும்படி வையுங்கள். பல இடங்களில் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு ரவுட்டரும் ஒரே மின்பலகையில் செருகியிருக்கின்றனவா, இரண்டு ஃபைபரும் ஒரே குழாயில் போகின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். பிறகு வேலை குறைந்த ஒரு நேரம் குறித்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டரின் மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். எத்தனை பிங் தொலைந்தது என்று எழுதிவைத்து, காரணத்தைச் சரிசெய்ய உங்கள் ஆட்களுக்கு நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்