தேவி, இது சோம்பேறித்தனம் இல்லை

அன்புள்ள தேவிக்கு,

போன வாரம் காட்பாடி ஹாஸ்டலுக்கு வந்தபோது பார்த்தேன். வாளியில் ஊறவைத்த துணி நாற்றமெடுத்துக் கிடந்தது. குடியாத்தத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை நீ திறக்கவே இல்லை. "சோம்பேறி ஆயிட்டேன் அத்தை" என்றாய். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றும் நீதான் சொன்னாய். சோம்பேறிக்கு எங்கேயாவது தூக்கம் கெடுமா?

இது டிப்ரஷனாக, அதாவது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்றேன். "அழுகையே வரலையே, இது எப்படி டிப்ரஷன்?" என்று கேட்டாய். எல்லாருக்கும் அழுகை வராது கண்ணு. பிடித்ததெல்லாம் சப்பென்று போவது, பசி குறைவது, படித்த வரி மண்டையில் ஏறாதது, இப்படியும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு கோளாறு, ரத்தசோகையாலும் இப்படி அசதி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். "அப்பா தறியில் உட்கார்ந்து ஃபீஸ் கட்டுறார், எனக்கு என்ன குறை?" என்று உன்னையே திட்டிக்கொள்கிறாயே, அந்தக் குற்ற உணர்ச்சியும் இந்த நோயோடு வருவதுதான்.

பாகாயத்துக்குப் போகலாம் என்றதும் உன் முகம் மாறியது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு அங்கே பல வருஷமாக நடக்கிறது. வீட்டு ஆட்களைக் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் வழக்கத்துக்குப் பேர் போன இடம் அது. அங்கே வேண்டாமென்றால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நீ சொல்வதை டாக்டர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் வருஷ மனநலச் சட்டமே சொல்கிறது. காலேஜுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படாதே.

எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. சிலருக்குக் கவுன்சலிங்கே போதும். மாத்திரை கொடுத்தால், பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரங்களில் படபடப்போ கெட்ட எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சரியாகிவிட்டது என்று நீயாக நிறுத்தவும் கூடாது.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காதே, எந்த நேரமானாலும் எனக்கு போன் பண்ணு. என்னிடம் சொல்ல முடியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலையில் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுவேன். ஓ.பி. சீட்டு நான் வாங்குகிறேன், அப்பாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன். டாக்டர் முன்னால் உனக்குப் பேச்சு வராவிட்டால், தூக்கம் வராததை மட்டும் சொல்லு. மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அன்புடன்,
அத்தை