இசை ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும் என்பதால் வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தியாகராஜர் ஆராதனை சிறப்பாக நடந்தது. நவராத்திரிக் கச்சேரிகள் நடந்தன. பள்ளி மாணவர்களுக்கான பாட்டுப் போட்டி மழையால் தள்ளிப்போய், பிறகு நடந்தது. பழைய திரைப்பாடல் மாலைக்கு நாற்காலி போதவில்லை. அதற்கு யாரையும் நான் போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இனி ஓபரா தொடர். ஓபரா என்றால் கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேலைநாட்டு இசை நாடகம். மாதம் ஒரு ஞாயிறு மாலை, வாடகை மாடி அறையில், ஓபராவின் பகுதிகளைத் திரையில் போட்டு இடையிடையே விளக்கம் சொல்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவரை அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் பார்க்க முடியவில்லை. "நம்மிடம் இல்லாத இசை நாடகமா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். இருக்கிறது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும் நம்முடையவைதான். அவற்றை எடுத்துச் செய்ய யாராவது முன்வந்தால் அதே மாடி, அதே ஸ்பீக்கர் தயார். இதுவரை யாரும் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தொடரில் என்ன பேசினோம் என்பதை, வராதவர்கள் நலன் கருதிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஓபரா பிறந்த கதை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துப் பிரபுக்கள் வீடுகளில் கவிஞர்களும் பாடகர்களும் கூடி ஒரு கேள்வியைக் குடைந்துகொண்டிருந்தார்கள்: பழைய கிரேக்கர்கள் தங்கள் நாடகங்களை எப்படிப் பாடியிருப்பார்கள்? விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஓட்டத்தில் பாடினால் பாட்டின் சொல் காதில் விழுவதில்லை என்பது அவர்களுடைய குறை. எனவே ஒரே குரல், அடியில் மெலிதாக வாத்தியம், பேச்சின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றும் பாட்டு. இசையமைப்பாளர் யாக்கோப்போ பெரி 1598இல் இந்த முறையில் செய்த 'டாஃப்னே' என்ற ஓபராவின் இசை பெரும்பாலும் தொலைந்துவிட்டது. 1600இல் புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக் கல்யாணத்தை ஒட்டி அரங்கேறிய அவருடைய 'யூரிடிச்சே' முழுதாகக் கிடைக்கிறது. அதில் ஒரு பகுதியைப் போட்டபோது, நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "இது கதாகாலட்சேபத்தில் பாகவதர் கதை சொல்லிக்கொண்டே ராகத்துக்குள் நழுவுகிற மாதிரி இருக்கிறதே" என்றார். என் அரை மணி நேர விளக்கத்தை விட அது தெளிவாக இருந்தது. 1607இல் இத்தாலியின் மான்டுவா அரண்மனையில் இசையமைப்பாளர் மான்டெவெர்டி 'ஓர்ஃபியோ'வைப் போட்டபோது இந்தப் புது முறைக்கு முழு உடம்பு வந்துவிட்டது.

அதுவரை எல்லாம் அரசர் வீட்டு விசேஷம். 1637இல் வெனிஸில் சான் கசியானோ அரங்கம் திறந்தது. காசு கொடுத்தால் யாரும் உள்ளே போய் ஓபரா பார்க்கலாம் என்ற நிலை அங்கேதான் வந்தது. இந்த இடத்தை உறுப்பினர்கள் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வாசல் டிக்கெட்டை மட்டும் நம்பி அந்த அரங்கங்கள் ஓடவில்லை. சுவரை ஒட்டி அடுக்கடுக்காகப் பெட்டி போல இருந்த தனி அறைகளை ஊரின் பெரிய குடும்பங்கள் ஆண்டு வாடகைக்கு எடுத்துக்கொண்டன. அந்தக் குடும்பத்தார் வந்தாலும் வராவிட்டாலும், வந்து பாட்டைக் கேட்டாலும் கேட்காமல் அரட்டை அடித்தாலும், வாடகை வாடகைதான். நம் மன்றத்தில் சந்தா ஆண்டுக்கு 500 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் கட்டவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. ஞாயிறு காலை குழுவில் "அவசியம் வருகிறேன்" என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டு மாலையில் காணாமல் போகிறவர்களின் பெயர்களை வாசிக்கத் தேவையே இல்லை; எல்லோருக்கும் தெரியும்.

இடைப்பட்ட நூற்றாண்டை வேகமாகக் கடந்தோம். பாடகர்கள் நட்சத்திரங்களாகி, அவர்கள் தொண்டைத் திறமையைக் காட்டுவதற்காகவே கதை நின்றுவிடுகிற காலம் வந்தது. அதை இழுத்துப் பிடித்து, பாட்டு கதைக்காகவே என்று 1762இல் வியன்னாவில் இசையமைப்பாளர் குளுக் தன் 'ஓர்ஃபியோ எட் யூரிடிச்சே' மூலம் காட்டினார். 1786இல் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோ'. அதில் வேலைக்காரன் எஜமானை மடக்குகிறான். கடைசியில் எஜமான் எல்லோர் முன்னும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

நான் முக்கியமாகக் குறிப்பிட விரும்புவது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகொலெட்டோ' போட்ட ஞாயிறு. 1851இல் வெனிஸில் அரங்கேறியது, கதை நடப்பதோ அதே மான்டுவாவில். மூன்றாம் அங்கத்தில் ஆற்றோரத்தில் ஒரு பாழடைந்த சத்திரம், நடுவில் சுவர். உள்ளே கோமகன் ஒரு பெண்ணிடம் குழைந்து பாடுகிறான். அவனுடையது நீண்டு நெளியும் மெட்டு. அந்தப் பெண்ணின் பெயர் மாடலேனா; அவள் சின்னச் சின்ன ஸ்வரங்களில் சிரித்துக்கொண்டே, "போதும் உன் பொய்" என்கிறாள். வெளியே சுவர்ப் பிளவில் கண் வைத்து ஜில்டா பார்க்கிறாள். நேற்று வரை அவன் தன்னையே காதலிக்கிறான் என்று நம்பியிருந்தவள். அவள் குரல் விம்மி விம்மி உடைகிறது. பக்கத்தில் அவள் அப்பன் ரிகொலெட்டோ, அடிக்குரலில், பழிவாங்குவேன் என்று முணுமுணுக்கிறான். நான்கு பேர், நான்கு மனநிலை, ஒரே நேரத்தில். பேச்சு நாடகத்தில் நான்கு பேர் ஒன்றாகப் பேசினால் சந்தைக்கடை; இங்கே ஒவ்வொருவர் மனமும் தனித்தனியாகக் கேட்கிறது. பல குரல் ஒன்றாகப் பாடினால் சொல் புரியாது என்று சொல்லித் தொடங்கிய கலை, இரண்டரை நூற்றாண்டு கழித்து அந்தப் பல குரலையே தன் பெரிய பலமாக்கிக்கொண்டது. சுண்டலுக்காக மட்டுமே வருகிறவர் என்று செயற்குழுவில் கேலி செய்யப்பட்ட ஓர் உறுப்பினர், அதை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். அப்புறம் இன்னொரு முறையும் போட்டேன்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' போட்ட அன்று நல்ல விவாதம் நடந்தது. 1863இல் பாரிஸில் அரங்கேறிய அதன் கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில். பாத்திரங்களின் பெயர்களோ நாதிர், சுர்கா, நூராபாத்! இப்படிப் பெயர் வைத்த ஊரை அந்தக் கடற்கரையில் எங்கே தேடுவது என்று ஒருவர் கேட்டார். ஆனாலும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பாடும் அந்தப் பாட்டைக் கேட்டதும் கேள்வி கேட்டவரே அடங்கிவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு. ஓபரா தொடரால்தான் பற்றாக்குறை என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. மாடி வாடகையும் சுண்டலும்தான் அதன் மொத்தச் செலவு. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பைரொய்ட் என்ற ஊரில் தன் ஓபராக்களுக்குத் தனி அரங்கம் கட்ட 300 தாலர் (அந்நாட்டுப் பழைய நாணயம்) வீதம் 1000 ஆதரவாளர் பத்திரங்கள் விற்கத் திட்டமிட்டார். போதிய அளவு விற்கவில்லை. பவேரிய மன்னர் கடன் கொடுத்துத்தான் வேலை முடிந்தது. 1876இல் நான்கு இரவுகள் ஓடும் 'நிபெலுங் மோதிரம்' அங்கே அரங்கேறி உலகமே வந்து பார்த்தது; விழாவோ பெரும் நஷ்டம், அடுத்த விழா 1882இல்தான். நமக்கு மன்னர் யாரும் இல்லை.

நன்றி: ஆலோசனை கூறிய தலைவருக்கும், கணக்கைக் கவனித்த பொருளாளருக்கும், மாடியைத் தந்த உரிமையாளருக்கும், ப்ரொஜெக்டர் கொடுத்து உதவிய அன்பருக்கும், சுண்டல் செய்து கொடுத்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்கும்.

வரும் ஆண்டு பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடுகிறேன். தொடரை நிறுத்திவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. வெர்டியின் 'லா த்ராவியாட்டா' 1853இல் வெனிஸில் முதல் முறை தோற்றது. சில மாற்றங்களோடு மறு ஆண்டு அதே ஊரில் இன்னோர் அரங்கத்தில் போட்டபோது வெற்றி பெற்றது. நானும் சில மாற்றங்கள் யோசித்திருக்கிறேன்: விளக்கம் பாதியாகக் குறையும், பாடல் வரிகளின் பொருள் தமிழில் அச்சிட்டுக் கையில் தரப்படும். அச்சுக்கும் வாடகைக்கும் முன்பணம் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கும் இன்று தேர்தல் உண்டு. நான் தொடர வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இல்லை. வேறு யாரும் மனுக் கொடுக்கவில்லை என்று தேர்தல் அலுவலர் சற்று முன் சொன்னார். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சுண்டலும் அதே மேசையில்தான்.

இப்படிக்கு,
செயலாளர்