தோற்றம் மட்டும் புதுமை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான புதுமையான அறைகலன்கள் பற்றிய கட்டுரை, விந்தையான தோற்றத்தையே புதுமை என்று எண்ணிவிட்டதாகத் தோன்றுகிறது. நெதர்லாந்தின் வடிவமைப்பாளர் மார்செல் வாண்டர்ஸ் 1996-இல் உருவாக்கிய முடிச்சு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். உள்ளே கார்பன் இழையும் வெளியே அராமிட் என்னும் வலுவான செயற்கை இழையுமாக முறுக்கிய கயிற்றைக் கையால் முடிச்சு முடிச்சாகப் பின்னி, எபாக்ஸி என்னும் இறுகும் பிசினில் தோய்த்து, ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். தொங்கும்போதே வளைந்து வடிவம் பெறும் அந்தப் பின்னல், இறுகியபின் ஓர் ஆளைத் தாங்குகிறது. பார்வைக்குக் காயப்போட்ட மீன்வலை போலிருப்பதால் உட்காரச் சற்றுத் துணிச்சல் வேண்டும்தான். ஆயினும் அதன் அழகு செய்முறையிலிருந்தே பிறந்தது.

அதே நாட்டின் டேயோ ரேமி 1991-இல், பழைய இழுப்பறைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் மேப்பிள் மரத்தில் புதுக்கூடு செய்து, அனைத்தையும் ஒரே பட்டையால் மூட்டைபோல் இறுக்கிக் கட்டி அலமாரியாக்கினார்.

நான் சென்ற ஆண்டு ‘டிசைனர்’ என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அலமாரியோ, ஒரே மழைக்காலத்தில் மரத்துகளை ஒட்டிச் செய்த துகள்பலகை உப்பி, கீல்களின் திருகுகள் பிடிவிட்டுக் கதவு தொங்கிப்போனது. இனி வரும் கட்டுரைகளில் பொருளின் படத்தோடு, அது எதனால், எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி