தேதி கொடுக்கும்போதே பத்து நிமிடம் பேசுங்கள்

மதுரை மருத்துவமனைகளில் செவிலியர் பணியைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோபி என்று மதுரைக்குக் கிளம்பும்போது துணைக்குப் போகிறவள் நான். பரிசோதனை அறைக்குள் நடப்பதில் எனக்குக் குறையில்லை. வாயில் குழாய் இறங்கும்போது, “மூக்கால மூச்சு விடுங்கம்மா, எச்சிலை முழுங்காதீங்க, ஓரமா வழியட்டும்” என்று தோளைப் பிடித்துக்கொண்டு சொன்ன சிஸ்டரை எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். கோளாறெல்லாம் அதற்கு முன்னால், தேதி குறித்துச் சீட்டு கொடுக்கிற இடத்தில்தான்.

என் சின்னம்மாவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது. குடலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கொலனோஸ்கோபி எழுதினார்கள். கொடுத்தது ஆங்கிலச் சீட்டு. வாயால் சொன்னது, “முதல் நாள் திரவம் மட்டும்.” சின்னம்மா பால் காபி குடித்தார், பருத்திப்பால் குடித்தார், கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்தார். எல்லாம் திரவம்தானே? இரும்புச்சத்து மாத்திரையையும் விடவில்லை. மறுநாள், குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டினியும் வீண், இரண்டு பேர் கூலியும் வீண்.

ரத்தசோகைக்காக வருகிறவர்களில் பலர் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்ட வைக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டாமா? இளநீர், சர்க்கரைத் தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். பால், மோர், கூழ் கூடாது. சிவப்பு சர்பத் ரத்தம் போலத் தெரியும், வேண்டாம். கீரை, கொய்யா, தக்காளியை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். இப்படிப் பெயர் சொல்லிச் சொன்னால் எங்கள் அப்பத்தாவுக்கும் புரியும். கடைசியில் தெளிந்த வெளிர்மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுக்கிறார்களா என்று கேட்டு, டாக்டர் முடிவை வாங்கிச் சொல்லுங்கள். அவர்களாக நிறுத்தினாலும் ஆபத்து, அப்படியே தொடர்ந்தாலும் ஆபத்து.

அப்புறம் பேதி மருந்து. பாதியை முதல் நாள் மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். சரி. ஆனால் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், எங்கள் ஆள் விடியற்காலை நாலு மணிக்கு அதைக் குடித்துவிட்டு மதுரை ஆரப்பாளையம் பஸ் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், பஸ்ஸில் கழிப்பறை ஏது? ஒரு பெரியம்மா அந்தப் பயத்திலேயே மீதி மருந்தைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எந்த ஊர், எப்படி வருவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். வெளியூர்க்காரருக்கு மதிய நேரம் கொடுங்கள். சர்க்கரை நோயாளி, தள்ளாதவர் என்றால் முதல் நாளே படுக்கை கொடுத்து, கழிப்பறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

முடிந்து கிளம்பும்போதும் நாலு வார்த்தை வேண்டும். எண்டோஸ்கோபி முடிந்து தொண்டை மரத்திருக்கும்போது பிளாஸ்க் காபியை ஊற்றிக் கொடுத்தால் புரையேறும். மயக்க ஊசி போட்டவரை டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறார்கள், தடுத்துச் சொல்லுங்கள். வயிறு கல்லாக வீங்கி வலித்தாலோ, ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் சொல்ல வேண்டும்.

இதற்கென்று ஒரு செவிலியரை உட்கார வையுங்கள். தமிழில் சீட்டு அடியுங்கள். அதில், மருந்து குடிக்கிற ராத்திரியில் வாந்தி வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பர் இருக்கட்டும், அதை எடுக்க ஆளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி