புள்ளியை மாற்றினால் மாறும் கோண உந்தம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் இயற்பியல் எடுத்துப் படிக்கிறாள் என்பதில் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. நேர்க்கோட்டில் ஓடும் பந்து எதையும் சுற்றவில்லையே, அதற்குக் கோண உந்தம் (ஒரு புள்ளியைச் சுற்றிய இயக்கத்தின் அளவு) எப்படி வரும் என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் வெகுகாலம் கோண உந்தத்தை, நிறையைப் போலவே, பொருளோடு ஒட்டியிருக்கும் ஒன்றாகத்தான் எண்ணியிருந்தேன். எந்தப் புள்ளியைப் பொறுத்து என்று சொல்லாதவரை அதற்குப் பொருளே இல்லை என்பது பின்னர்தான் புரிந்தது.

2 கிலோகிராம் பந்து வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பாதையிலிருந்து 4 மீட்டர் தள்ளியுள்ள புள்ளியைப் பொறுத்து அதன் கோண உந்தம், உந்தம் (நிறை × வேகம்) 6ஐச் செங்குத்துத் தூரம் 4ஆல் பெருக்க, 24. பாதையின் மேலேயே புள்ளியை வைத்தால் சுழி. மறுபக்கம் அதே தூரத்தில் வைத்தால் மீண்டும் 24, ஆனால் எதிர்த்திசையில்.

இதை அவளே வரைந்து பார்க்கட்டும். பந்து சம நேரங்களில் இருக்கும் இடங்களாக ஒரு நேர்க்கோட்டில் சம இடைவெளியில் ஐந்தாறு புள்ளிகளைக் குறித்து, அவற்றைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியுடன் இணைத்தால் வரிசையாக முக்கோணங்கள் கிடைக்கும். தள்ளிப் போகப் போக அவை ஒல்லியாக நீண்டாலும், அடிப்பக்கமும் உயரமும் ஒன்றே என்பதால் பரப்பு மாறுவதில்லை; அந்தப் புள்ளியைப் பொறுத்த கோண உந்தம் மாறாதிருப்பதைத்தான் இது காட்டுகிறது. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்று கெப்ளர் 1609இல் கோள்களுக்குச் சொன்ன சமப்பரப்பு விதியேதான் இது. 1687இல் நியூட்டன் அவ்விதியை நிறுவியபோதும் இந்த முக்கோணங்களிலிருந்தே தொடங்கினார். கோளுக்கு மட்டும் அந்தப் புள்ளி சூரியனாகவே இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் மையத்தை எடுத்துக்கொண்டால் ஈர்ப்பு விசை அதை நோக்கி இழுப்பதில்லை என்பதால், கோண உந்தம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூம்பு ஊசல். நூலில் கட்டிய கல்லைக் கிடைமட்ட வட்டத்தில் சுற்றவிட்டால், வட்ட மையத்தைப் பொறுத்த கோண உந்தம் நேர்மேலாக நின்று மாறாதிருக்கிறது. தொங்கவிட்ட புள்ளியைப் பொறுத்ததோ நூலுக்குச் செங்குத்தாகச் சாய்ந்து, கல்லோடு சேர்ந்து தானும் சுற்றிவருகிறது. ஒரே கல், ஒரே சுற்று! புவியீர்ப்பின் திருப்புவிசை (புள்ளியைச் சுற்றித் திருப்பும் விளைவு) இரண்டாம் கணக்கில் மட்டும் எஞ்சி நிற்பதே காரணம். ஆயினும் இரண்டின் செங்குத்துக் கூறும் ஒன்றே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவை இன்றும் மறக்கவில்லை.

மொத்த உந்தம் சுழியாக இருக்கும் அமைப்புக்கு, எடுத்துக்காட்டாக இடம்பெயராமல் சுழலும் சக்கரத்துக்கு, எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை ஒன்றுதான். ஏன் என்று மகளையே நிறுவச் சொல்லி, அவள் எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்